உகப்பும் உரிமையும்: கணவன் மனைவிக்கு எழுதிக் கொடுத்த உடைமைகள்

நாஞ்சில் நாட்டு வேளாளரின் பழைய வழக்காற்றில் உகந்துடைமை என்றொரு சொல் உண்டு. உகந்து கொடுக்கும் உடைமை என்று பிரித்தால் பொருள் எளிதில் விளங்கிவிடும். ஒருவன் தன் மனைவிக்கும் அவள் வயிற்றில் பிறந்த தன் மக்களுக்கும் மனமுவந்து ஒதுக்கித் தரும் சொத்துக்கு அந்தப் பெயர். பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் சொத்துக் கொடுப்பதற்கு ஒரு தனிப் பெயர் எதற்கு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். இயல்பாக நடப்பதற்கு யாரும் தனிப்பெயர் இடுவதில்லை. இயல்பாக நடக்காது என்பதால்தான் அந்தச் சமூகத்தில் அதற்கொரு பெயரும், அந்தப் பெயருக்கொரு அளவும், அந்த அளவை ஒட்டி ஓயாத வழக்குகளும் இருந்தன.

திருமணத்துக்குப் பின் கணவனும் மனைவியும் தமக்குள் எழுதிக்கொள்ளும் பொருள் உடன்படிக்கை என்றதும் மேலைநாட்டுச் செல்வர்களும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் நம் நினைவுக்கு வருகிறார்கள். நம் ஊருக்கு ஒவ்வாத இறக்குமதி என்று சிலர் அதை ஒதுக்குவதையும் கேட்கிறோம். குமரி மாவட்டத்தின் கதையைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் அது அவ்வளவு அந்நியமான சங்கதி இல்லை என்பது தெரியவரும். அதோடு, நீதிமன்றங்களில் இன்றைக்கும் கேட்கப்படும் ஒரு கேள்வி நம் முன்னோரையும் வாட்டியிருக்கிறது என்பதும் புலப்படும். மனைவிக்குக் கணவன் கொடுப்பது அவனுடைய விருப்பத்தால் கிடைக்கும் கொடையா, அவளுக்கு உரிய பங்கா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் வழித்தடத்தைத் தேடும் ஒரு முயற்சி.

*

தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களையுமே நாஞ்சில் நாடு என்று வழக்கமாகச் சொல்வார்கள். இங்கே வாழ்ந்த வேளாளர் தமிழ் பேசினார்கள். தமிழ்ச் சடங்குகளோடு தாலி கட்டித் திருமணம் செய்தார்கள். ஆனால் சொத்து விஷயத்தில் கேரளத்தின் மருமக்கள் வழியைப் பின்பற்றினார்கள். குடும்பத்தின் நிலபுலன்கள் பெண் வழியில் இறங்கும். மூத்த ஆண்மகன் காரணவர் என்ற பெயரில் அவற்றை நிர்வகிப்பார். அவருக்குப் பின் அந்த உரிமை அவருடைய மகனுக்குப் போகாது. தம்பிக்கோ, சகோதரியின் மகனாகிய மருமகனுக்கோ போகும். அவருடைய மகன் தன் தாயின் குடும்பத்தைச் சேர்ந்தவன். தகப்பன் வீட்டில் அவன் விருந்தாளிபோலத்தான்.

மருமக்கள் வழி என்றதும் பெண்களின் ஆட்சி என்று எண்ணிவிடக் கூடாது. சொத்து பெண் வழியில் இறங்கியதே தவிர அதன் ஆளுகை ஆண்களின் கையில்தான் இருந்தது. பிறந்த வீட்டில் பெண்ணுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையின் சாவியை வைத்திருப்பவர் அவளுடைய அண்ணனோ மாமனோ. புகுந்த வீட்டிலோ அவளுக்கு உரிமையே இல்லை. கணவன் உயிரோடிருக்கும் வரை சோறும் துணியும் கிடைக்கும். அவன் கண்ணை மூடிய பின் அவன் பயிரிட்ட வயலும் அவன் கட்டிய வீடும் அவனுடைய மருமக்களுக்குச் சேரும். தாலி கட்டிய முறை தமிழருடையது, சொத்தைப் பிரித்த முறை மலையாள நாட்டினுடையது. இவ்விரண்டும் பொருந்தாத இடத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பொருந்தாமையை ஓரளவு சரிக்கட்ட எழுந்த ஏற்பாடுதான் உகந்துடைமை. குடும்பச் சொத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மனைவி மக்களுக்குக் கொடுக்கலாம் என்று வழக்காறு எல்லை வகுத்திருந்தது. இதோடு நங்குடைமை என்று இன்னொன்றும் இருந்தது. கணவனை இழந்தோ கணவனால் விலக்கப்பட்டோ நிற்கும் மனைவியின் பிழைப்புக்காக ஒதுக்கப்படும் உடைமை அது. முதலாவது ஒருவன் மனமுவந்து தருவது. இரண்டாவது அவன் இல்லாதபோதும் அவள் கேட்கக்கூடியது. விருப்பம், உரிமை என்ற இரண்டையும் அந்தச் சமூகம் வெவ்வேறு பெயரிட்டே வைத்திருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

ஏட்டில் பார்க்கும்போது இது ஒழுங்கான ஏற்பாடாகவே தெரியும். நடைமுறையில் அதற்குள் எத்தனை இழுபறி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம். கணவன் கொடுப்பதாக வாய்வார்த்தை சொல்லியிருப்பான். எழுதி வைத்திருக்க மாட்டான். எழுதி வைத்திருந்தாலும், குடும்பச் சொத்தைக் காரணவர் தன் வீட்டுக்காரிக்கு வாரிக் கொடுத்துவிட்டார் என்று மருமக்கள் வழக்காடுவார்கள். அவர்களுடைய கண்ணில் மாமி என்பவள் குடும்பத்தின் நெல்லைத் தன் பிள்ளைகளின் பத்தாயத்துக்குக் கடத்துகிறவள். அவளுடைய கண்ணில் மருமக்கள் என்போர் தன் புருஷனின் மூச்சு நிற்பதற்காகக் காத்திருப்பவர்கள். இருவருமே தீயவர்களாக இருக்க வேண்டியதில்லை. கொடையின் அளவு கொடுப்பவனின் மனநிலையைப் பொறுத்திருக்கும் இடத்தில் வாங்க வேண்டியவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பகையாவார்கள்.

இந்த நிலையைத்தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியமாக எழுதினார். 1917-18 ஆண்டுகளில் தமிழன் என்ற இதழில் அது தொடராக வந்தது. நூலாக வெளிவந்தது 1942இல். காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த நூல் அது. மற்ற மனைவியரின் பூசலும் மருமக்களின் அடாவடியும் நீதிமன்றப் படியேறிக் கரையும் குடும்பங்களும் அதில் நகைச்சுவையோடு வருகின்றன. சிரித்துக்கொண்டே படிக்கிறோம், படித்து முடிக்கும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. தன்னுடையது என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாத ஒரு மனைவியின் பேச்சல்லவா அது?

தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி அந்தச் சமூகத்தின் உள்ளிருந்து எழுதியவர். கல்வெட்டும் பழைய ஓலைகளும் படித்தவர். அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகளை அவர் தேடிப் படித்ததும், பின்னாளில் அந்த ஓலைகளை அ.கா. பெருமாள் பதிப்பித்ததும் நாஞ்சில் நாட்டு வரலாற்றில் ஆர்வமுள்ளோர் அறிந்தவையே. ஓலைகளில் உறைந்து கிடந்த உடன்படிக்கைகளையும் வழக்குகளையும் அறிந்த ஒருவர்தான் அவற்றின் சுமையை ஒரு பெண்ணின் குரலில் இறக்கிவைத்தார் என்பதை நினைக்கும்போது அந்த நூலின் கனம் கூடுகிறது.

மருமக்கள் வழியை மாற்ற வேண்டும் என்ற கிளர்ச்சி அப்போது பல சமூகங்களிலும் நடந்துகொண்டிருந்தது. 1925இல் நாயர்களுக்கும் ஈழவர்களுக்கும் திருவிதாங்கூர் அரசு புதிய சட்டங்களை இயற்றியது. அடுத்த ஆண்டு, கொல்லம் ஆண்டு 1101இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மனைவியும் மக்களும் வாரிசுகளானார்கள். கூட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்க வழி பிறந்தது. அதுவரை உகந்து கொடுத்ததும் உகக்காமல் மறுத்ததும் இனிச் சட்டத்தின் கணக்குக்குள் வந்தன. கணவனின் மனம் குளிர்ந்திருக்கும் வேளை பார்த்து ஓலையும் எழுத்தாணியும் எடுத்துவைக்க வேண்டிய அவசியம் மனைவிக்கு இல்லாமல் போயிற்று. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மருமக்கத்தாயம் எது என்று விளக்கும் இடத்தில் இந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இந்தியா முழுமைக்குமான ஒரு சட்டத்தில் நாஞ்சில் நாட்டின் பெயர் இடம்பெற்றது இப்படித்தான்.

*

நாஞ்சில் நாட்டின் பழைய எல்லையைத் தாண்டி மேற்கே கடற்கரையோரமாகச் சென்றால் கல்குளம் வட்டத்துக்கு உரிய மணவாளக்குறிச்சி வருகிறது. இன்றைக்குப் பேச்சுவழக்கில் மாவட்டத்தையே நாஞ்சில் நாடு என்பவர்கள் இதையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் மண்டைக்காடு, சற்றுத் தொலைவில் குளச்சல். ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்த 1909ஆம் ஆண்டு முதல் உலக வரைபடத்தில் இந்த ஊருக்கு ஓர் இடம் கிடைத்தது. நம் பொருளுக்கு அந்த மணல் அவ்வளவு முக்கியமில்லை. ஒரு நடைத் தொலைவுக்குள் எத்தனை விதமான திருமணச் சட்டங்கள் பக்கம் பக்கமாக வாழ்ந்தன என்பதே முக்கியம்.

மருமக்கள் வழிக் குடும்பங்கள் ஒரு பக்கம்; மக்கள் வழியைப் பின்பற்றிய நாடார் குடும்பங்கள் ஒரு பக்கம். கடற்கரையில் முக்குவர் என்னும் கத்தோலிக்க மீனவர். குளச்சல், திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம் போன்ற ஊர்களில் முஸ்லிம்கள். ஒவ்வொரு வீட்டிலும் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே பணம் நடமாடிய பாதை வேறு வேறு.

கிறிஸ்தவர்களுக்கு 1916இல், அதாவது கொல்லம் 1092இல், திருவிதாங்கூர் அரசு ஒரு வாரிசுரிமைச் சட்டத்தை இயற்றியது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. சீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. விதவைக்கோ அசையாச் சொத்தில் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். நாஞ்சில் நாட்டின் உகந்துடைமைக்கும் இந்தச் சட்டத்துக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் இரண்டிலும் நான்கில் ஒன்று என்ற அதே அளவு வந்து நிற்பது விநோதமான ஒற்றுமை. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1951 ஏப்ரல் முதல் நாளே, இந்திய வாரிசுரிமைச் சட்டம் இந்தப் பகுதிக்கு நீட்டிக்கப்பட்டபோதே, அந்தப் பழைய சட்டம் செத்துவிட்டது என்றது அந்தத் தீர்ப்பு. இருந்த உரிமையை முப்பத்தைந்து ஆண்டுகள் இல்லையென்று நம்பி வாழ்ந்திருக்கிறார்கள்.

மீனவக் குடியிருப்புகளில் சட்டப் புத்தகத்தைவிட நடைமுறை முக்கியமாக இருந்தது. குமரி மாவட்ட முக்குவப் பெண்களைப் பற்றிக் கல்பனா ராம் எழுதிய ஆய்வு நூல் 1991இல் வெளிவந்தது. கடலுக்குப் போகிறவன் ஆண். கரையில் பணத்தைக் கையாள்கிறவள் பெண். கைமாற்று வாங்குவதும் கொடுப்பதும் சீதனப் பணத்தைத் திரட்டுவதும் பெண்களுக்கிடையே ஓடும் ஒரு கடன் வலைப்பின்னலில் நடப்பதை அந்த நூல் விரித்துச் சொல்கிறது. இங்கே எழுத்து இல்லை, முத்திரைத்தாள் இல்லை. ஆயினும் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே ஓர் உடன்படிக்கை நாள்தோறும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. நாஞ்சில் நாட்டின் காரணவர் வீட்டு மனைவிக்கு இருந்ததைவிட இந்தக் கரைப்பெண்ணின் கையில் பிடிமானம் கூடுதல் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. பணம் அவள் கையைக் கடந்து போவதுதான் அந்தப் பிடிமானம்.

முஸ்லிம்களிடம் திருமணமே ஓர் ஒப்பந்தம். மஹர் மனைவிக்குக் கணவன் செலுத்த வேண்டிய கடன். அதைத் திருமணத்துக்குப் பிறகு உயர்த்திக் கொடுக்கவும் அவர்களுடைய சட்டத்தில் இடமுண்டு. மஹருக்கு ஈடாக நிலத்தையோ வீட்டையோ மனைவி பெயருக்கு எழுதிக்கொடுத்த பத்திரங்கள் இந்திய நீதிமன்றங்களில் பலமுறை வந்திருக்கின்றன. திருமணத்துக்குப் பின் செய்துகொள்ளும் பொருள் உடன்படிக்கைக்கு நம் நாட்டிலேயே நேரடியான எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். இந்துக்களின் பழைய நூல்களும் இதை அறியாதவை அல்ல. கணவன் அன்பினால் கொடுத்ததைப் பிரீதிதத்தம் என்றும், அவன் வேறொருத்தியை மணக்கும்போது முதல் மனைவிக்குக் கொடுக்க வேண்டியதை ஆதிவேதனிகம் என்றும் ஸ்மிருதிகள் ஸ்திரீதனத்தில் சேர்த்தன. முன்னது உகப்பு, பின்னது ஈடு. மறுபடியும் அதே இரட்டை.

*

மனைவிக்குக் கணவன் செய்த உறுதியை நீதிமன்றம் எப்படிப் பார்த்தது என்பதற்குத் திருவிதாங்கூருக்கு வெளியே போக வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்காக எழுதப்பட்டது. சமஸ்தானமாக இருந்த நம் பகுதிக்கு அது 1951இல்தான் நீட்டிக்கப்பட்டது. அதன் 25ஆம் பிரிவு கைம்மாறு இல்லாத உடன்படிக்கை செல்லாது என்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது: நெருங்கிய உறவினருக்குள், இயல்பான அன்பினாலும் பாசத்தினாலும், எழுத்தில் எழுதிப் பதிவு செய்தால் செல்லும். உகந்துடைமை என்ற சொல்லை அறிந்தவர்களுக்கு இந்தப் பிரிவு ஏதோ பழகியதுபோலத் தோன்றும்.

அந்த விலக்கு எப்படி வேலை செய்தது என்பதைக் காட்ட 1900இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் ஓயாத சச்சரவு. தனியே வாழும் மனைவிக்குச் செலவுக்குப் பணம் தருவதாகக் கணவன் பத்திரம் எழுதிப் பதிவும் செய்து கொடுத்தார். சச்சரவைப் பற்றிய குறிப்பு அந்தப் பத்திரத்திலேயே இருந்தது. பிறகு பணம் வரவில்லை. மனைவி வழக்குத் தொடர்ந்தார். உறவு உண்டு, எழுத்து உண்டு, பதிவும் உண்டு. ஆனால் அன்பு எங்கே என்று கேட்டது நீதிமன்றம். சண்டையினால் பிறந்த பத்திரத்தில் இயல்பான பாசத்தைக் காணமுடியவில்லை என்று சொல்லி அவருடைய கோரிக்கையைத் தள்ளியது.

அடுத்த வழக்குக்கு இலங்கையோடு தொடர்புண்டு. இலங்கை அரசில் நீர்ப்பாசனத் துறை இயக்குநராக இருந்த பால்ஃபர் என்ற ஆங்கிலேயர் 1915இல் விடுமுறையில் மனைவியோடு இங்கிலாந்து சென்றார். 1916 ஆகஸ்டில் அவர் இலங்கைக்குத் திரும்ப வேண்டிவந்தது. மனைவிக்கு உடல்நலம் சரியில்லை. மருத்துவர் சொன்னபடி அங்கேயே தங்கினார். மாதம் 30 பவுன் அனுப்புவதாகக் கணவர் வாக்களித்தார். பிறகு இருவரும் பிரிந்தார்கள். மனைவி அந்தப் பணத்தைக் கேட்டு வழக்காடினார். முதல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1919இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கணவனும் மனைவியும் இணக்கமாக வாழும்போது தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் ஒப்பந்தங்கள் ஆகமாட்டா, அங்கே கைம்மாறாக இருப்பது அன்புதான், நீதிமன்றத்தில் அதற்கு விலையில்லை என்ற கருத்தில் நீதிபதி அட்கின் எழுதினார்.

இவ்விரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. கல்கத்தாவில் ஒரு மனைவி தோற்றார், அன்பு இல்லை என்பதால். இலண்டனில் ஒரு மனைவி தோற்றார், அன்பு இருந்தது என்பதால். வெவ்வேறு நாட்டின் வெவ்வேறு சட்டக் கோட்பாடுகள் என்று சட்டம் படித்தவர்கள் சமாதானம் சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் பணம் கிடைக்காமல் வீடு திரும்பிய அந்த இரண்டு பெண்களின் பக்கமிருந்து பார்த்தால் சமாதானம் அவ்வளவு எளிதாக வராது. கொடுப்பதன் அடிப்படை அன்பு என்று வைத்துவிட்டால், அந்த அன்பை அளக்கும் கோல் எப்போதும் வேறொருவர் கையில்தான் இருக்கும். அங்கே நீதிபதி, இங்கே காரணவர். இலண்டனில் மாதம் 30 பவுனைப் பற்றிய வழக்கு வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் கவிமணியின் ஐந்தாம் மனைவி தமிழன் இதழில் பேசிக்கொண்டிருந்தாள் என்பது காலத்தின் தற்செயல்.

இலங்கையைச் சொன்னபோது யாழ்ப்பாணத்தையும் சொல்லிவிட வேண்டும். டச்சுக்காரர் காலத்தில், 1707இல், தொகுத்து எழுதப்பட்ட தேசவழமை திருமணத்தில் மூன்று வகைச் சொத்துகளைப் பிரிக்கிறது: ஆணுக்குப் பரம்பரையில் வரும் முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கப்படும் சீதனம், இருவரும் சேர்ந்து வாழும் காலத்தில் தேடிய தேட்டம். மூன்றாவதில் இருவருக்கும் பங்கு உண்டு. அதற்குத் தனியாகப் பத்திரம் வேண்டாம். கணவன் உகக்கவும் வேண்டாம். மணவாழ்க்கையில் சேர்ந்த பொருளில் மனைவியின் உழைப்பும் இருக்கிறது என்ற எண்ணம் சட்டத்துக்குள்ளேயே குடியிருந்தது. ஆனால் அதே தேசவழமையில், 1911ஆம் ஆண்டின் சட்டத்தின்படியும், மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ கணவனின் எழுத்து ஒப்புதல் தேவை. பங்கு கொடுத்த கையே பூட்டும் போட்டது. எந்த மரபையும் முழுக்கப் போற்றவும் முடியாது, முழுக்கத் தள்ளவும் முடியாது என்பதற்கு யாழ்ப்பாணமும் ஒரு சான்று.

*

சுதந்திர இந்தியாவில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த மிகத் தெளிவான விடை 1977இல் உச்ச நீதிமன்றம் துளசம்மாள் வழக்கில் கொடுத்தது என்று நாம் கருதுகிறோம். ஜீவனாம்சத்துக்கு ஈடாக ஒரு விதவைக்குச் சில சொத்துகள் சமரசத்தில் கிடைத்திருந்தன; ஆயுள் வரை அனுபவிக்கலாம், விற்கக் கூடாது என்பது நிபந்தனை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அந்த நிபந்தனையை நீக்கிவிடுகிறதா என்பது கேள்வி. ஜீவனாம்சம் பெறுவது அவருக்கு முன்பே இருந்த உரிமை, சமரசப் பத்திரம் அந்த உரிமையை ஒப்புக்கொண்டதே தவிரப் புதிதாக எதையும் தானமாகக் கொடுக்கவில்லை, ஆகவே அவர் முழு உரிமையாளர் என்றது தீர்ப்பு. பழைய சொற்களில் சொன்னால், நங்குடைமை உகந்துடைமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்டது.

அதே அளவுகோல்தான் இன்னோரிடத்திலும் பயன்படுகிறது. இனி ஜீவனாம்சமே கேட்க மாட்டேன் என்று மனைவியிடம் எழுதி வாங்கிக்கொள்ளும் பத்திரங்கள் உண்டு. சட்டம் கொடுத்த பாதுகாப்பைத் தனிப்பட்ட உடன்படிக்கையால் பறித்துவிட முடியாது, பொதுநலனுக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்று நம் நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கின்றன. கணவன் எழுதிக்கொடுத்ததைக் காப்பாற்றத் தயங்கிய சட்டம், மனைவியிடம் எழுதி வாங்கியதைச் சந்தேகத்தோடு பார்க்கவாவது கற்றுக்கொண்டது.

ஒப்பந்தம் என்ற பெயரில்லாமலேயே நடைபெறும் ஏற்பாடுகளும் உண்டு. மனைவி மக்களுக்காக என்று குறித்துக் கணவன் எடுக்கும் ஆயுள் காப்பீடு ஓர் அறக்கட்டளைபோல் நிற்கும், கடன்காரர்கள் அதைத் தொட முடியாது என்று 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் சொல்கிறது. அது முதலில் இந்துக்களுக்குப் பொருந்துமா என்பதில் ஐயம் இருந்தது. 1923இல் வந்த திருத்தம் அதை இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர், சமணர் எல்லோருக்கும் விரித்தது. சென்னை மாகாணத்துக்கு மட்டும் அது 1913 டிசம்பர் இறுதியிலிருந்தே செல்லும் என்று பின்தேதியிட்டது. அதற்குக் காரணம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை இந்துக்களுக்கும் பொருத்தி முன்பே தீர்ப்பளித்திருந்ததுதான். காப்பீட்டுப் படிவத்தில் அந்தச் சட்டத்தின்கீழ் என்று குறிப்பிடும் ஒரு கட்டம் இன்றும் உண்டு. பெரும்பாலோர் அதை நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். நிரப்பினால் அது மனைவிக்கு எழுதிய உறுதி. பின்னாளில் கணவன் நினைத்தாலும் திரும்பப் பெற முடியாத உறுதி.

நிலத்தில் நடப்பது இஷ்டதானம். மலையாளத்தில் வழங்கும் இந்தச் சொல் குமரி மாவட்டத்துப் பத்திரங்களிலும் இடம்பெற்றிருக்கிறது. மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த பிறகு செட்டில்மென்ட் என்ற சொல் அதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. குடும்பத்தினருக்குள் எழுதிக்கொள்ளும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகையும் இருக்கிறது. இஷ்டம் என்றாலும் உகப்பு என்றாலும் ஒன்றுதான். மருமக்கள் வழி மறைந்து நூறாண்டு நெருங்கியும் அதன் சொல் வேறு உடையில் பத்திர எழுத்தரின் மேசையில் இருக்கிறது.

வரிச் சட்டத்தில்கூட இதன் சாயலைக் காணலாம். மனைவிக்குக் கணவன் போதிய விலையின்றி மாற்றிக்கொடுத்த சொத்திலிருந்து வரும் வருமானத்தைக் கணவனின் வருமானமாகவே கணக்கிட வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் விதித்தது. பிரிந்து வாழும் உடன்படிக்கையின்படி மாற்றிக்கொடுத்தால் மட்டும் விலக்கு. சேர்ந்து வாழும்போது கொடுத்ததைக் கொடுத்ததாகவே வரி அதிகாரி ஏற்கவில்லை. பிரியும்போது கொடுத்தால்தான் நம்பினார். கல்கத்தாவில் சண்டைக்காகத் தோற்ற பத்திரம் வரி அலுவலகத்தில் அதே சண்டைக்காக வென்றிருக்கும்.

இங்கிலாந்தும் தன் பழைய நிலையில் நிற்கவில்லை. 2008இல், மான் தீவிலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில், திருமணத்துக்குப் பின் கணவன் மனைவி செய்துகொள்ளும் பொருள் உடன்படிக்கை செல்லத்தக்கது என்று பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டது. திருமணத்துக்கு முன் செய்வது மணம் புரிவதற்காக ஒருவர் கேட்கும் விலைபோல் ஆகிவிடக் கூடும், பின் செய்வது ஏற்கெனவே கடமைகளை ஏற்றுக்கொண்ட இருவர் செய்வது என்று அங்கே வேறுபாடு காட்டப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2010இல், பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அந்த வேறுபாட்டைப் பெரிதாக்க வேண்டியதில்லை என்றது. இருவரும் தாமாக விரும்பி, விளைவை முழுக்க உணர்ந்து செய்தார்களா, அதன்படி நடத்துவது நியாயமாக இருக்குமா என்று பார்த்தால் போதும் என்றது. அன்பு இருந்ததா என்ற கேள்வி அங்கே விலகிவிட்டது. தெரிந்து செய்தார்களா, நியாயமா என்ற கேள்விகள் அதன் இடத்துக்கு வந்தன.

*

இவ்வளவையும் தொகுத்துப் பார்க்கும்போது நமக்குத் தெளிவாவது இதுதான். கணவனும் மனைவியும் தமக்குள் கணக்கு எழுதிக்கொள்வதால் இல்லறம் கெட்டுப்போனதாக நாஞ்சில் நாட்டு வரலாறு சொல்லவில்லை. எழுதாமல் விட்டதாலும், எழுதியதைக் காப்பாற்ற ஒரு பொது உரிமை பின்னால் நிற்காததாலும்தான் குடும்பங்கள் கெட்டன. எழுத்து மட்டுமே போதும் என்றும் அந்த வரலாறு சொல்லவில்லை. உகந்துடைமை எழுத்தில் இருந்தும் மருமக்கள் வழக்காடினார்கள். நாஞ்சில் நாட்டுப் பெண்ணுக்குப் பாதுகாப்பு வந்தது 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதற்குப் பிறகு ஒருவன் உகந்து கொடுத்தது அவளுடைய பங்குக்கு மேல் கிடைத்த கூடுதலாயிற்று. அடித்தளமாக உரிமை இருக்கும்போதுதான் அன்பினால் கொடுப்பது அன்பாகவே இருக்க முடிகிறது. உரிமை இல்லாத இடத்தில் அது பிச்சைக்கும் பேரத்துக்கும் நடுவே எங்கோ அலைகிறது.

இன்றைய சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. இரண்டு சம்பளம் வரும் வீடுகளில் ஒருவர் சம்பளம் வீட்டுக்கடனுக்கும் மற்றவர் சம்பளம் அரிசி, பள்ளிக் கட்டணம், மருந்து ஆகியவற்றுக்கும் போகிறது. கடன் அடைந்த பின் வீடு ஒருவர் பெயரில் நிற்கிறது. அரிசியும் மருந்தும் தீர்ந்துபோயிருக்கின்றன. வளைகுடாவிலிருந்து வரும் பணத்தில் கட்டிய வீட்டை இருபதாண்டுகள் தனியே நின்று காத்தவளின் உழைப்பு எந்தப் பத்திரத்திலும் ஏறுவதில்லை. மணவாழ்க்கையில் சேர்ந்த பொருளுக்கு இருவரும் உரியவர் என்ற பொது விதி நம்மிடம் இல்லை. கோவாவில் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சட்டத்திலும் யாழ்ப்பாணத்தின் தேடிய தேட்டத்திலும் அது இருக்கிறது. அந்த விதி இல்லாதவரை, திருமணத்துக்குப் பின் இருவரும் உட்கார்ந்து, இது உன்னுடையது, இது என்னுடையது, இது நம்முடையது என்று தெளிவாக எழுதிப் பதிவு செய்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதும் பத்திரத்தை அதனால் பாதிக்கப்படக்கூடியவர் படித்துப் புரிந்துகொண்டாரா, அவருக்காகப் பேச அங்கே ஒருவர் இருந்தாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கில் ஒரு பங்கு என்று மனைவி மக்கள் மீதான அன்புக்கு ஒரு காலத்தில் இந்த மண் உச்சவரம்பு வைத்திருந்தது. அதைப் படிக்கையில் நமக்குச் சிரிப்பு வரலாம். நம்மில் எத்தனை வீடுகளில் அந்த நான்கில் ஒன்றாவது மனைவியின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகு சிரிப்பதே முறை.